வகை சொல்லாத கணக்கு

(திருப்பதியில், அலுவலகக் கணக்குகளை எக்செல்லில் வைத்திருப்போர் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இங்கே கணினி அறிவியல் படித்தவர்கள் சிலர்தான் இருக்கிறீர்கள். மற்றவர்கள் பால் சேகரிப்பு நிலையத்தில் கணக்கு எழுதுகிறவர்கள், சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் எடைச் சீட்டு பார்க்கிறவர்கள், பள்ளி அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுகிறவர்கள், ஆடிட்டரிடம் உதவியாளராக இருப்பவர்கள், கிராம சச்சிவாலயத்தில் பட்டியல்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள். உங்களில் பலர் எக்செல்லில் மேக்ரோ எழுதுகிறீர்கள். யாரும் முறையாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. ரெக்கார்டு பொத்தானை அழுத்தி, வந்த நிரலைத் திருத்தி, பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுக் கேட்டு நீங்களே கற்றுக்கொண்டீர்கள். பாராட்ட வேண்டிய முயற்சி அது. ஆனால் அப்படிக் கற்றவர்கள் ஒரு வரியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மாறிக்கு இன்ன வகை என்று அறிவிக்கும் வரி அது. இன்றைய பேச்சு அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வகையை அறிவித்தால் நிரல் வேகமாக ஓடும், நினைவகம் மிச்சமாகும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. பொய்யில்லை. ஆனால் நாம் அலுவலகத்தில் எழுதும் மேக்ரோவுக்கு இன்றைய கணினியில் அந்த மிச்சம் அற்பம். வேகத்துக்காக மட்டும் என்றால் இதற்கு ஒரு கூட்டமே தேவையில்லை. வகை அறிவிக்க உட்காருகிறவர் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த எண் எவ்வளவு பெரிதாகும்? இதில் பின்னம் வருமா? முதலில், இது எண்தானா? இவற்றுக்குப் பதில் எந்தக் கணினிப் புத்தகத்திலும் கிடையாது. அந்த வேலையை அன்றாடம் செய்கிற உங்களிடம்தான் இருக்கிறது.

கொஞ்சம் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். எக்செல்லின் மேக்ரோ மொழிக்கு விபிஏ என்று பெயர். 1993இல் எக்செல் 5ஆம் பதிப்போடு வந்தது. அதன் மூதாதை பேசிக் மொழி. கணிதமோ அறிவியலோ படிக்காத மாணவர்களுக்கும் கணினி கைவர வேண்டும் என்று ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இருவர் 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் அதை உருவாக்கினார்கள். புதியவரை விரட்டாத அந்த மனப்பான்மை விபிஏவிலும் தங்கிவிட்டது. முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு பெயரை எழுதினால், 'இது யார், எங்கிருந்து வந்தது' என்று அது கேட்பதில்லை. அந்தப் பெயரில் ஒரு மாறியை உருவாக்கி, வேரியன்ட் என்ற வகையைக் கொடுத்துவிடுகிறது. வேரியன்ட்டுக்குள் எண்ணும் போகும், எழுத்தும் போகும், தேதியும் போகும். எது போட்டாலும் வாங்கிக்கொள்ளும்.

இந்தத் தாராளம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். பால் சேகரிப்பு நிலையத்தில் ஒருவர் மேக்ரோ எழுதுகிறார். இன்புட்பாக்ஸ் மூலம் காலைப் பால் எத்தனை லிட்டர், மாலைப் பால் எத்தனை லிட்டர் என்று கேட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். வகை எதுவும் சொல்லவில்லை. காலை 12, மாலை 9 என்று தட்டுகிறார். வரும் விடை 21 இல்லை, 129. இன்புட்பாக்ஸ் எப்போதும் எழுத்துச் சரத்தைத்தான் தரும். இரண்டு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி இருந்தால் விபிஏ அவற்றை ஒட்டவைத்துவிடும். பிழைச் செய்தி வராது, நிரலும் நிற்காது. 129 லிட்டர் பால் அந்த மாட்டுக்காரர் பெயரில் ஏறிவிடும். இரண்டு மாறிகளையும் எண் வகையாக முதலிலேயே அறிவித்திருந்தால், உள்ளே போகும்போதே அவை எண்ணாக மாறியிருக்கும், 21 வந்திருக்கும். யாராவது எண்ணுக்குப் பதில் 'இல்லை' என்று தட்டினால், டைப் மிஸ்மேட்ச் என்று அங்கேயே நின்றிருக்கும்.

நிற்கிற மேக்ரோவைக் கண்டு பயப்படாதீர்கள். அது தன் தவறைத் தானே சொல்லிவிட்டது. நிற்காமல் ஓடி, தப்பான விடையை நேர்த்தியான கட்டங்களுக்குள் வைத்துக் கொடுக்கும் மேக்ரோதான் பயப்பட வேண்டியது.

எழுத்துப்பிழையும் அப்படித்தான். டோட்டல் என்று ஒரு மாறி வைத்திருக்கிறீர்கள். பத்து வரி தள்ளி அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டு அடித்துவிட்டீர்கள். விபிஏ அதைப் புதிய மாறி என்று எடுத்துக்கொள்ளும். அதில் ஒன்றும் இருக்காது, கணக்கில் பூஜ்யம். மொத்தம் குறையும், ஏன் குறைந்தது என்று தெரியாது. இதற்கு ஒரே வரியில் மருந்து உண்டு. நிரல் பக்கத்தின் உச்சியில் ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட் என்று எழுதிவிடுங்கள். அறிவிக்காத பெயர் எங்கே வந்தாலும் அதன் பிறகு நிரல் ஓட மறுக்கும். ஒவ்வொரு முறையும் எழுதச் சோம்பலாக இருந்தால், நிரல் எழுதும் சாளரத்தில் டூல்ஸ் பட்டியலில் ஆப்ஷன்ஸைத் திறந்து, ரிக்வயர் வேரியபிள் டிக்ளரேஷன் என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுங்கள். இனி திறக்கும் புதிய பக்கங்களில் அந்த வரி தானாக வந்து நிற்கும். பழைய பக்கங்களில் நீங்களேதான் சேர்க்க வேண்டும்.

இனி முதல் கேள்வி: எண் எவ்வளவு பெரிதாகும்?

திருப்பதியில் நின்றுகொண்டு பெரிய எண்களுக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் கணக்கை வெளியிடுகிறது: எத்தனை பேர் தரிசனம் செய்தார்கள், எத்தனை பேர் முடிக் காணிக்கை கொடுத்தார்கள், உண்டியல் எவ்வளவு. தேவஸ்தானம் எந்த மென்பொருளில் கணக்கு வைக்கிறது என்பது நம் பேச்சுக்கு வேண்டாம். நாளிதழில் வரும் அந்த மூன்று எண்களையும் நம் எக்செல் தாளில் போட்டுப் பார்ப்போம்.

விபிஏவில் முழு எண்ணுக்கு இன்டிஜர் என்று ஒரு வகை உண்டு. முழு எண் என்றதும் எல்லோருடைய கையும் அங்கேதான் போகும். அது 16 பிட் இடம். அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 32,767. தரிசனம் செய்தவர்கள் எண்ணிக்கை சாதாரண நாளிலேயே அறுபதாயிரத்தைத் தொடும். ஆகவே முதல் நாளே ஓவர்ஃப்ளோ என்று மேக்ரோ நின்றுவிடும். நல்லது, உடனே திருத்திவிடுவீர்கள். முடிக் காணிக்கையில்தான் சிக்கல். அந்த எண் பெரும்பாலான நாட்களில் இருபதாயிரத்தைச் சுற்றியே இருக்கும். இன்டிஜருக்குள் அழகாக அடங்கும். ஆடி போய் ஆவணி வரும், மேக்ரோ நன்றாகத்தான் ஓடும். எழுதியவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார். கோடை விடுமுறையில் கூட்டம் பொங்கும் ஒரு நாள் அந்த எண் 32,767ஐத் தாண்டும். அன்றைக்குத்தான் மேக்ரோ நிற்கும். வேலை மிகுந்த நாளில், எழுதியவர் அருகில் இல்லாத நாளில் நிற்கும். சராசரியைப் பார்த்து வகையைத் தீர்மானித்தால் இதுதான் நடக்கும். உச்சத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

இதே 32,767இல் இடறி விழுந்த ராக்கெட் ஒன்று உண்டு. ஸ்ரீஹரிகோட்டா இப்போது நம் திருப்பதி மாவட்டத்தில் இருப்பதால் இந்தக் கதை நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. 1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவின் கூரு ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 முதன்முறையாகப் பறந்தது. சுமார் 40 வினாடிகளில் வெடித்துச் சிதறியது. அதில் இருந்த நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் போயின. விசாரணைக் குழு கண்ட காரணம் இது: வழிகாட்டும் கருவியின் மென்பொருளில், கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பை 64 பிட் பின்ன எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணுக்கு மாற்றும் ஒரு படி இருந்தது. மதிப்பு 32,767ஐத் தாண்டியது, மாற்றம் தோற்றது, கருவி நின்றுபோனது. அந்த மென்பொருள் பழைய ஏரியான் 4இலிருந்து எடுத்தது. ஏரியான் 4 பறப்பின் தொடக்கத்தில் அவ்வளவு கிடைமட்ட வேகத்தை எட்டவே எட்டாது. அதில் அந்த இடம் போதுமானதாக இருந்தது. ஏரியான் 5 வேறு பாதையில் இன்னும் விரைவாகப் போகும் ராக்கெட்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த மென்பொருளில் வகை அறிவிப்பு இல்லாமல் இல்லை. வகைகளில் மிகவும் கறாரான ஏடா என்ற மொழியில் எழுதியது அது. எல்லா மாறிகளுக்கும் வகை இருந்தது. புதிய ராக்கெட்டின் எண்கள் எவ்வளவு பெரிதாகும் என்ற கேள்வியை மட்டும் அந்த இடத்தில் யாரும் மறுபடி கேட்கவில்லை. ஆகவே வகையை எழுதிவிட்டோம், கடமை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. போன வருடத்து மேக்ரோவை இந்த வருடத்து வேலைக்கு நகல் எடுக்கும் ஒவ்வொருவரும் ஏரியான் 5ஐ ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, முழு எண்ணுக்கு என்ன வகை? லாங். 32 பிட், 214 கோடியே 74 லட்சம் வரை தாங்கும். இன்றைய கணினியில் இன்டிஜரால் நினைவகமும் வேகமும் மிச்சமாவதில்லை. அதனால் முழு எண் என்றால் லாங் என்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக வரிசைகளை எண்ணும் மாறிக்கு. எக்செல் தாளில் 2007ஆம் பதிப்பிலிருந்து 10,48,576 வரிசைகள் இருக்கின்றன. இன்டிஜரால் 32,767ஆவது வரிசைக்கு மேல் போக முடியாது. 2007க்கு முந்தைய பதிப்பில் மொத்தமே 65,536 வரிசைதான். அந்தப் பழைய கோப்பு வடிவத்தை 2020இலும் பயன்படுத்தியதால், இங்கிலாந்தில் செப்டம்பர் கடைசி வாரத்திலும் அக்டோபர் தொடக்கத்திலும் கொரோனா உறுதியான 15,841 பேரின் விவரம் தினசரிக் கணக்கில் சேராமல் போனது. வரிசை நிரம்பியது, மிச்சம் வெளியே நின்றது. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அத்தனை நாள் தாமதமானது.

லாங் போட்ட பிறகும் ஒரு பொறி இருக்கிறது. திருமலையில் கூடுதலாக வாங்கும் லட்டு ஒன்று 50 ரூபாய். 700 லட்டுக்கு என்ன விலை என்று மேக்ரோவில் 50 பெருக்கல் 700 என்று எழுதி, விடையை லாங் மாறியில் வைக்கச் சொல்கிறீர்கள். விடை 35,000, லாங்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் ஓவர்ஃப்ளோ வரும். ஏனென்றால் 50, 700 இரண்டும் சிறிய எண்கள். விபிஏ இரண்டையும் இன்டிஜராகக் கருதி, பெருக்கலையும் இன்டிஜருக்குள்ளேயே செய்து பார்க்கும். விடை போய்ச் சேரும் இடம் பெரிதாக இருப்பதை அது யோசிக்காது. விலையையும் எண்ணிக்கையையும் தனித்தனி லாங் மாறிகளாக அறிவித்துவிட்டுப் பெருக்கினால் இந்தத் தொல்லை இல்லை. எண்களை நிரலின் நடுவே அப்படியே எழுதாமல் பெயர் கொடுத்து வைப்பது நல்லது என்பதற்கும் இது ஒரு காரணம்.

அறிவிப்பு வரியில் இன்னொரு தவறு எங்கும் காணக்கிடைக்கிறது. டிம் என்று தொடங்கி மூன்று பெயர்களைக் காற்புள்ளியிட்டு எழுதி, கடைசியில் 'அஸ் லாங்' என்று ஒருமுறை மட்டும் எழுதுவது. மூன்றும் லாங் என்று எழுதியவர் நினைத்துக்கொண்டிருப்பார். கடைசிப் பெயர் மட்டும்தான் லாங். முதல் இரண்டும் வேரியன்ட். ஒவ்வொரு பெயருக்கும் தனியாக வகை சொல்லியாக வேண்டும்.

இனி பணம். உண்டியல் ஒரு நாளைக்கு மூன்றரைக் கோடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கணக்குக்கு லாங் போதும். நிதியாண்டின் மொத்தத்தை ஏப்ரல் 1இலிருந்து அதே வகையில் சேர்த்துக்கொண்டே வந்தால், 62ஆவது நாள், அதாவது ஜூன் 1 அன்று, 214 கோடி எல்லை உடையும். சரி, சிங்கிள் என்ற பின்ன வகையில் வைக்கலாமா? அது ஏழு இலக்கம் வரைதான் துல்லியம். 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் போனால் ஒற்றைப்படை எண்களை அதால் வைத்துக்கொள்ளவே முடியாது. மூன்று கோடி ரூபாயில் கடைசி ஒரு ரூபாயைச் சத்தமில்லாமல் கூட்டியோ குறைத்தோ வைக்கும். அடுத்த பின்ன வகையான டபுள் 15 இலக்கம் வரை துல்லியம். ஆனால் கணினி பின்னங்களை இரண்டின் அடுக்குகளில் வைப்பதால், பத்துப் பைசாவைக்கூட அதில் சரியாக எழுத முடியாது. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி, இது 0.3க்குச் சமமா என்று டபுளில் கேட்டுப் பாருங்கள்; இல்லை என்றுதான் சொல்லும். வரவும் செலவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் இடத்தில் இப்படி நடந்தால், இல்லாத வித்தியாசத்தைத் தேடி ஒரு நாள் வீணாகும்.

பணத்துக்கென்றே விபிஏவில் கரன்சி என்ற வகை இருக்கிறது. நான்கு தசம இடம் வரை பிசகாமல் வைத்திருக்கும். அதன் எல்லை 922 லட்சம் கோடி. 2025-26இல் இந்திய அரசின் மொத்த பட்ஜெட்டே சுமார் 50 லட்சம் கோடிதான். எந்தத் தேவஸ்தானத்துக்கும், எந்த மாவட்டத்துக்கும் அது போதும். ரூபாய் என்றால் கரன்சி என்று முடிவு செய்துவிடலாம்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம்: பின்னம் வருமா? இதற்குச் சித்தூர் மாங்காயைவிட நல்ல பாடம் கிடைக்காது.

நம் பக்கத்துத் தோத்தாபுரியை, தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்கிறார்களே அந்த மாங்காயை, கூழ் ஆலைகள் டன் கணக்கில் வாங்குகின்றன. 2025 பருவத்தில் விலை சரிந்தபோது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துக் கொடுக்கும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. ஆக விவசாயிக்கு 12 ரூபாய். ஒருவர் எடையை டன்னில் வாங்கி, இந்தத் தொகையைக் கணக்கிடும் மேக்ரோ எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை மாறியை இன்டிஜர் என்றோ லாங் என்றோ அறிவித்துவிட்டார். ஒரு விவசாயியின் சரக்கு 4.5 டன். முழு எண் மாறிக்குள் பின்னம் போனால் விபிஏ பிழை சொல்லாது, முழு எண்ணாக்கிக்கொள்ளும். சரிபாதி என்றால் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளுவது அதன் வழக்கம். 4.5 என்பது 4 ஆகும். அந்த விவசாயிக்கு 500 கிலோ போயிற்று; 6,000 ரூபாய் நஷ்டம். அடுத்து வந்தவரின் சரக்கு 5.5 டன். அது 6 ஆகும். அவருக்கு 6,000 ரூபாய் கூடுதல்.

இப்போது மொத்தத்தைக் கூட்டுங்கள். உண்மையான எடை 4.5உம் 5.5உம் சேர்ந்து 10 டன். மேக்ரோவின் எடை 4உம் 6உம் சேர்ந்து 10 டன். மொத்தம் சரியாக வருகிறது. தணிக்கை செய்பவர் அடிவரியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் இரண்டு பேருக்கும் தவறான பணம் போயிருக்கிறது. வகை தவறினால் தவறு இப்படி மறைந்துகொள்ளும். மொத்தம் ஒத்துப்போனால் கணக்கு சரி என்று நம் பெரியவர்கள் சொன்னது கையால் கூட்டிய காலத்துக்குச் சரி. மேக்ரோவுக்கு அது போதாது. தனித்தனி வரிகளில் சிலவற்றை எடுத்துக் கையால் சரிபார்க்க வேண்டும். எடை மாறியை டபுள் என்று அறிவிப்பதா, எடையை டன்னாக வாங்காமல் கிலோவாக வாங்கி லாங்கில் வைப்பதா, எது சரி என்று எடைமேடையில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது கேள்வியைத்தான் நம்மில் பலர் கேட்பதே இல்லை: இது எண்தானா?

செல்பேசி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பத்து இலக்கம். 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்கும். ஆகவே மிகச் சிறிய செல்பேசி எண்ணே 600 கோடி. லாங்கின் எல்லை 214 கோடி. நாட்டிலுள்ள ஒரு செல்பேசி எண்கூட லாங்குக்குள் அடங்காது. 12 இலக்க ஆதார் எண்ணும் அடங்காது. டபுளில் வைத்தால் அடங்கும். ஆனால் வங்கிக் கணக்கு எண் வந்து நின்றதும் அதுவும் கைவிரிக்கும். எக்செல் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாக உள்ளிட்டால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் பூஜ்யம் இருக்கும் கணக்கு எண் என்றால் அந்தப் பூஜ்யமும் காணாமல் போகும். அந்த எண்ணுக்குப் பணம் அனுப்பினால் திரும்பி வரலாம். வேறு யாரிடமாவது போய்ச் சேரவும் செய்யலாம்.

எளிய ஒரு சோதனை உண்டு. இரண்டு செல்பேசி எண்களைக் கூட்டினால் ஏதாவது பொருள் வருமா? ஆதார் எண்களுக்குச் சராசரி எடுப்போமா? கூட்டிக் கழிக்காத எதுவும் எண் இல்லை. இலக்கங்களால் எழுதிய ஒரு பெயர். அதற்கு எழுத்துச் சரத்துக்கான ஸ்ட்ரிங் வகைதான் பொருத்தம்.

நம் ஊர்க் கதவிலக்கம் இதில் தனிக் கதை. ஆந்திராவில் வார்டு, பிளாக், வீடு என்று கோடு போட்டுப் பிரித்து எழுதுகிறோம். 10-12-25 என்று ஒரு கதவிலக்கத்தை எக்செல்லில் தட்டுங்கள். 2025 டிசம்பர் 10 என்று தேதியாக்கிவிடும். அடுத்த வீடு 10-12-125 என்றால் அது எழுத்தாகவே நிற்கும், ஏனென்றால் அப்படி ஒரு வருடத்தை எக்செல்லுக்குத் தெரியாது. ஒரே தெருவில் பாதி வீடுகள் தேதியாகவும் பாதி வீடுகள் எழுத்தாகவும் கிடக்கும். 12/3 என்ற சர்வே எண்ணுக்கும் இதே கதிதான். இங்கே மாறியை ஸ்ட்ரிங் என்று அறிவித்தால் மட்டும் போதாது. மேக்ரோ அதைக் கலத்தில் எழுதும்போது எக்செல் மறுபடி தேதியாக்கப் பார்க்கும். எழுதுவதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். இது நம் ஊர்த் தொல்லை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மனித மரபணுக்களில் மார்ச்1, செப்ட்1 என்ற குறியீடுகள் எக்செல்லில் தேதியாகிக்கொண்டே இருந்ததால், பெயர் சூட்டும் பன்னாட்டுக் குழு 2020இல் அந்தக் குறியீடுகளையே மாற்றிவிட்டது. நாம் நம் கதவிலக்கத்தை மாற்ற முடியாது. மேக்ரோவைத்தான் மாற்ற வேண்டும்.

தேதிக்கும் தனி வகை இருக்கிறது. டேட் என்று அறிவியுங்கள். தேதியை எழுத்தாக வைத்துக்கொண்டு கலத்தில் எழுதினால் விபிஏ அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கும். நம் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. பழைய வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைந்ததும் 1911 ஏப்ரல் 1. ஆந்திராவுடனான எல்லைத் தகராறு தீர்ந்து திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் 1960 ஏப்ரல் 1. அந்த 1/4ஐ எழுத்தாகக் கொடுத்தால் ஜனவரி 4 ஆகிவிடும். 13ஆம் தேதியிலிருந்து இந்தக் குழப்பம் வராது, பதின்மூன்றாவது மாதம் இல்லாததால். அதனால்தான் மாதத்தின் பாதியில் சோதித்துப் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை. டேட்சீரியல் என்ற செயல்கூறில் ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனியாகக் கொடுத்தால் எந்த நாட்டு வழக்கமும் குறுக்கே வராது.

தமிழிலும் தெலுங்கிலும் பெயர்ப் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திருப்பதி என்பதில் நமக்கு ஐந்து எழுத்து. விபிஏவுக்கு ஒன்பது, உயிர்மெய்யின் துணைக்குறியையும் புள்ளியையும் அது தனியாக எண்ணுகிறது. பெயருக்கு இத்தனை எழுத்து என்று நீளம் கட்டிய ஸ்ட்ரிங் வகையை அறிவித்தால், ஆங்கிலக் கணக்கில் போட்ட நீளம் தமிழ்ப் பெயரின் கொம்பையோ புள்ளியையோ வெட்டிவிடும். நம் மொழிகளுக்கு நீளம் கட்டாத ஸ்ட்ரிங்தான் ஏற்றது.

இவ்வளவு சொன்ன பிறகு, வேரியன்ட்டே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. முடிக் காணிக்கைக் கணக்கை வேரியன்ட்டில் வைத்திருந்தால் அது 32,767இல் நின்றிருக்காது. கணக்கு எல்லையைத் தாண்டும்போது தானே லாங்காக, பிறகு டபுளாக மாறிக்கொள்ளும். ஒரு கலத்தில் எண் இருக்கலாம், காலியாக இருக்கலாம், பிழைக் குறி இருக்கலாம் என்ற நிலையில் அதை முதலில் வேரியன்ட்டில் வாங்கி, என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு உரிய வகைக்கு மாற்றுவதுதான் முறை. ஒரு பெரிய பகுதியை மொத்தமாக நினைவகத்துக்கு எடுக்கும்போதும் வேரியன்ட்தான் வேண்டும். ஆகவே வேரியன்ட் குற்றவாளி இல்லை. என்ன வரும் என்று யோசித்து, 'அஸ் வேரியன்ட்' என்று எழுதியே அறிவியுங்கள். யோசிக்காமல் விட்டதால் வேரியன்ட் ஆனதும், யோசித்து வேரியன்ட் ஆக்கியதும் கணினிக்கு ஒன்றுதான். உங்களுக்குப் பின்னால் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கு இரண்டும் ஒன்றில்லை. அறிவிப்பு வரிகளைப் படித்தாலே அந்த வேலையில் எந்த எண் எவ்வளவு பெரியது, எது பணம், எது பெயர் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அலுவலக மேக்ரோக்களுக்கு வேறு விளக்கக் குறிப்பு யாரும் எழுதி வைப்பதில்லை. இருக்கும் ஒரே குறிப்பு அந்த வரிகள்தான்.

அலுவலகத் தலைமையில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேக்ரோ எழுதத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடாதீர்கள். டன்னில் பின்னம் வரும் என்று அவனுக்குத் தெரியாது. கணக்கு எண்ணின் முன் பூஜ்யம் இருக்கும் என்றும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். வகைகளைத் தீர்மானிக்கும்போது அவன் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.

நாளைக்கு அலுவலகம் போனதும் ஒன்று செய்யுங்கள். உங்கள் மேக்ரோக்களில் பணம் கொடுக்கும் மேக்ரோ எதுவோ அதைத் திறங்கள். கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, நிரலின் உச்சியில் ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட் எழுதுங்கள். டீபக் பட்டியலில் உள்ள கம்பைல் கட்டளையை அழுத்துங்கள். அறிவிக்காத பெயர்களை அது ஒவ்வொன்றாக நிறுத்திக் காட்டும். ஒவ்வொரு பெயரிலும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்டு வகையை எழுதுங்கள். பதில் தெரியாவிட்டால் எடைமேடைக்காரரிடமோ காசாளரிடமோ போய்க் கேளுங்கள். ஒரு பிற்பகல் போகும். அந்த மேக்ரோவை நம்பித்தான் மாங்காய் விற்றவருக்கும் பால் ஊற்றியவருக்கும் சம்பளம் வாங்குகிறவருக்கும் பணம் போகிறது. அவர்களுக்காக அந்த ஒரு பிற்பகலைக் கொடுங்கள்.